திரிஷாவின் இரும்புக் கச்சேரி

செவிலிமேடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஜோசுவாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சனிக்கிழமை நடந்ததை ஃபோனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை, அதனால் அங்கே திரும்புகிற பக்கத்து வீட்டு கிரேஸிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை திரிஷா இட்லிப் பானை, கரண்டி, சைக்கிள் ரிம் எல்லாவற்றிலும் பொட்டு அளவு மைக்கை ஒட்டி, அந்தச் சத்தத்தை லேப்டாப்பில் நீட்டியும் மடக்கியும் பாட்டாக்குவது உனக்குத் தெரியும். "பாத்திரம் தட்டிக்கினு இருக்கவா உன்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்" என்று அப்பா இரண்டு வருஷமாக அவளிடம் சரியாகப் பேசாததும் தெரியும். சென்னையில் ஒரு இசை விழாவில் அவளுக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். நம் பட்டறையில் கிடந்த ஆள் உயர இரும்புத் தகட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பதால்தான் அப்பா வண்டி ஓட்டி வந்தார். தகட்டைக் கட்டித் தொங்கவிட்டவர், விழுந்துவிடுமோ என்று சுத்தியலும் கையுமாக மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டார். பத்து நிமிஷம் அருமையாகப் போனது, திடீரென்று லேப்டாப்புக்குப் போகும் ஒயர் கழன்று சத்தமே நின்றுவிட்டது. திரிஷா குனிந்து தேடுகிறாள், பின்வரிசையில் நாலு பேர் எழுந்தே விட்டார்கள். அப்போது உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். தகட்டின் ஓரத்தில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, பட்டறையில் கோணல் எடுக்கிறபோது தட்டுவாரே அதே கணக்கில், விடாமல். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒயரை மாட்டியதும் இவள் "நிறுத்தாதப்பா, அடிச்சிக்கினே இரு" என்றாள். அவர் அடித்த அடியைப் பிடித்து, பாலத்தில் ரயில் போகிற மாதிரியும் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரியும் திருப்பி விட்டாள். அவர் ஒன்று அடிப்பார், அவள் பத்தாகப் பதில் கொடுப்பாள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது, நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

விழாக்காரர் ஒருவர் வந்து, நீங்கள் என்ன வாத்தியம் என்று அப்பாவைக் கேட்டார். "வெல்டிங்கு சார்" என்றார். ஜனவரியில் பெங்களூருக்கு இருவரையும் அழைத்திருக்கிறார்கள், நோட்டீஸில் வீராசாமி என்று அப்பா பெயரும் வருமாம். நேற்று கேட் செய்யச் சொல்லி வந்தவரை, "பொண்ணு கச்சேரிக்கு பிராக்டீஸ் இருக்குது, வியாழக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ஊறுகாயை ஈரக்கையால் எடுக்காதே. எந்நாளும் நீ நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். ஃபோனில் சாப்பிட்டியா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர், இதை எழுதும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு, "தட்டினா நல்லா சத்தம் வர்ற இரும்பு அவன் வேலை செய்ற சைட்டுல என்னா இருக்குதுன்னு கேளு" என்கிறார். மறக்காமல் அப்பாவுக்குப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
அம்சா