இரட்டைப்படை மட்டும் தேய்ந்த லேப்டாப்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். இந்த மழையில் தாராவிக்கு எவன் பழைய லேப்டாப் வாங்க வரப்போகிறான் என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். விற்க ஒருவர் வந்தார்.

பொன்னுத்தாய். கோவண்டி. ஐம்பதுக்குப் பக்கம். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறார். பைக்குள் பை, அதற்குள் துண்டு, துண்டுக்குள் கேமிங் லேப்டாப்.

திரை சுத்தம். பேட்டரி 88 சதவீதம். சார்ஜர் ஒரிஜினல். ஃபேனில் மட்டும் நூல் தூசி. பில் அவர் பெயரில், தவணை முடிந்தது.

கேம் ஆடும் பயல்கள் W, A, S, D நான்கையும் தேய்த்து வைத்திருப்பார்கள். அதைக் காட்டியே விலையைக் குறைப்பேன். இதில் அந்த நான்கும் புத்தம் புதிது. வலது ஓரத்து எண்களில் 2, 4, 6, 8 மட்டும் மொழுமொழு. யாரோ கணக்கு எழுதியிருக்க வேண்டும். அது என்ன, இரட்டைப்படையிலேயே வருகிற கணக்கு?

"அறுவதாயிரம் வேணும் அண்ணாச்சி. மவளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ். வெள்ளிக்கிழம கட்டலன்னா சீட்டு போயிரும்."

52 தேறும் என்றேன். என் கண் பார்த்தால் பார்த்ததுதான். ஆனாலும் நாளை சூடு பார்த்துவிட்டு முடிவு.

குடை வாங்கணும். பழையது கம்பி போச்சு.

ஜூலை 9, புதன்

மழை, காற்று. குடை வாங்கவில்லை.

கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டினால்தான் சூடு தெரியும், ஆடுகிற ஆளைக் கூட்டி வாங்க என்றேன். பொன்னுத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார்.

விமானம் ஓட்டுகிற கேம். 8 அழுத்தினால் மூக்கு கீழே. 2 அழுத்தினால் மேலே. 4, 6 இடம் வலம். அடக் கடவுளே, இதுதான் அந்தக் கணக்கு!

மும்பையில் இறங்குகிற வழி, வாஷி பாலம் தெரிந்தது. வெளியே பெய்கிற அதே மழை திரையிலும் பெய்தது. இன்றைய வானிலையை அதுவே எடுத்துக்கொள்ளுமாம்.

"அந்தா, அது எங்க கோவண்டி. இங்கன ரொம்பத் தாழ எறக்கிரக் கூடாது. இல்லன்னா குர்லா கூரையில போயி இடிக்கும்."

காற்று விமானத்தைத் தள்ளியது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

"பிளேன்ல போயிருக்கீங்களாம்மா?"

"நானா? இல்ல. தைக்கும்போது மேல போவும்லா. எப்படித்தான் எறங்குதுன்னு பாக்கணும்னு ஆச. அதுக்குத்தான் தவணையில வாங்கினேன்."

முப்பது வருடமாக என் தலைக்கு மேலும்தான் போகிறது. சத்தம் என்று திட்டியதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை.

சூடு 82. கச்சிதம். விலை 52தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எட்டுக்கு எங்கன போவேன்" என்றார், என்னிடம் அல்ல. லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

வெயில்! காலையில் கோபர்கைரனேயிலிருந்து ஒருவர் போன். மகனுக்கு கேமிங் லேப்டாப் வேண்டுமாம். இதைச் சொன்னேன். 59 கேட்க நினைத்தேன். ஹிந்தியில் இந்த ஒன்பதுகள் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உன்சட்டா, உன்ஹத்தரா? வாயில் வந்ததைச் சொன்னேன். "தோ ஹஜார் கம் கரோ" என்றார். இரண்டாயிரம் குறைத்தேன். 57.

சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரி கனகா கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். இங்கேயே பிறந்தவள்.

"அறுவத்தேழா? பரவால்லயே."

"அம்பத்தேழு."

"உன்ஹத்தர்னா அறுவத்தொம்பது. எத்தன வருசமா சொல்லுதேன்!"

மானம் போயிற்று. உடனே அவரைக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். மனிதர் சிரித்தார். நாலு கடை விசாரித்துவிட்டாராம். வாரண்டி ஒரு வருடம் மீதியிருக்கிற இந்த மாடல் எங்கும் எழுபதுக்குக் குறையவில்லை, 67 அவருக்கு லாபமாம்.

வாரண்டி! பொன்னுத்தாய் தனியாகப் பணம் கட்டி நீட்டித்தது. பில்லில் இருக்கிறது. என் கண்ணாம், கண்.

பொன்னுத்தாய்க்குப் போன் செய்து, அறுபது என்றேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

ஜூலை 11, வெள்ளி

மேகம், மழை இல்லை. கடை திறக்குமுன் பொன்னுத்தாய் வாசலில். அறுபதை எண்ணி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். டிஸ்க்கை அழித்துத்தான் கொடுக்கணும் என்றேன்.

"ஒரே ஒரு தடவ ஓட்டிக்கிடட்டுமா?"

விமானத்தை ஏற்றினார். மேகம் முழுக்கக் கீழே போயிற்று. மேலே இவ்வளவு வெயிலா! நீலம், நீலம். நானும் கனகாவும் வாயைத் திறந்தபடி நின்றோம். பொன்னுத்தாய் எண்களிலிருந்து விரலை எடுத்தார். விமானம் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"எறக்கலியாம்மா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அது மேலயே இருக்கட்டும்."

கேமை மூடினார். அழிக்கிற பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. அவரே அழுத்தினார். ஒரு மணிக்கு காலேஜ் கவுண்டர மூடிருவாங்க என்று ஓடினார்.

கனகா எதையோ கேட்டாள், காதில் விழவில்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். தகரக் கூரைதான்.