பத்மசீலன் அண்ணையின் வான்

மொன்றியல்
5.12.1993

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற உங்கள் சுகத்துக்கு முருகனைக் கும்பிட்டபடி இருக்கிறேன். லொட்ஜ் சாப்பாடு வயிற்றைப் பொருமப் பண்ணுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சீரகம் அவித்துக் குடியுங்கோ.

இங்கே கனடாவில் ஸ்னோ கொட்டத் தொடங்கிவிட்டது. முதல் நாள், என்னோடு கூட இருக்கிற சறோவும் நானும் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரசித்தோம். இரண்டாம் நாள் வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் என் வாயில் வந்ததை எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். வழக்கம்போல விடிய எழும்பி முழுகினேன். ஊரில் செய்வதுபோல ஈரத்தலையை விரித்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற பக்ரறி வானுக்குத் தெருவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் திருப்பினால் கடகடவென்று சத்தம். மயிரெல்லாம் விறைத்துத் தும்புத்தடி மாதிரி நிற்கிறது! வான் ஓட்டுகிற பத்மசீலன் அண்ணை பாய்ந்து இறங்கி, "ஐயோ பிள்ளை, தலையில கை வையாதை! முறிஞ்சு கையோட வந்திடும்!" என்று கத்தினார். வானுக்குள் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு என்னை முன் சீற்றில் இருத்தி ஹீற்றரை என் பக்கம் திருப்பிவிட்டார். பக்ரறிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் உருகி மடி நிறையத் தண்ணீர்.

உங்களை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவலை வக்கீல் தொடங்கிவிட்டார். பத்திரம் வந்ததும் நான் கையெழுத்துப் போட்டால் சரி. அடுத்த குளிருக்கு நீங்கள் என் பக்கத்தில்.

உங்கள் அன்பு
தவமலர்

*

வெள்ளவத்தை
21.12.1993

அன்பின் மலருக்கு,

கடிதம் கிடைத்தது. நீர் சொன்னபடி சிரித்தேன். பிறகு இரண்டாம் தரம் வாசித்தேன். சிரிப்பு வரவில்லை.

யார் இந்தப் பத்மசீலன்? எந்த ஊர்? வயது என்ன? மனிசி இருக்கிறாவா? உம்முடைய தலைமயிர் முறிந்தால் அவருக்கென்ன நட்டம்? நீர் முழுகிவிட்டு வரும்போது நான் கிட்ட வந்தால் "தள்ளி நில்லுங்கோ, ஈரம்" என்று துரத்துவீர். இப்போது ஊரான் ஒருவன் நடுத்தெருவில் நின்று அந்தக் கூந்தலுக்காகக் கத்துகிறான். அதை நீர் எனக்கே சிரிக்கச் சொல்லி எழுதுகிறீர்.

முன் சீற்று மனைவி இருக்கிற இடம். எங்கள் மாமா கார் வைத்திருந்த காலத்தில் மாமியைத் தவிர ஒருத்தரும் அதில் ஏறியதில்லை. நீர் பின்னால் இரும்.

பக்கத்துக் கட்டில் மரியாம்பிள்ளை மாஸ்டரிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "தம்பி, அது குளிர் தேசம். சனம் சூட்டைத் தேடித்தான் ஒதுங்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை ஏது?

சீரகம் குடித்தேன். குறையவில்லை.

உம்முடைய
குகதாஸ்

*

மொன்றியல்
6.1.1994

அன்புள்ள அத்தானுக்கு,

பத்மசீலன் அண்ணை காரைநகர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலையில் மருந்துக்கும் ஒரு மயிர் இல்லை. மனைவி பராசக்தி அக்கா எங்களோடு அதே பக்ரறியில் வேலை, அதே வானில்தான் வருகிறா. அன்றைக்கு எழும்பி எனக்கு முன் சீற்றைத் தந்ததே அவதான். இவ்வளவும் போதுமா, இன்னும் சாதகக் குறிப்பும் வேண்டுமா?

நீங்கள் சொன்னீர்கள் என்று பின்னால் போய்விட்டேன். பின் கதவு ஒழுங்காகப் பூட்டாது, கயிற்றால் கட்டியிருக்கிறது. நீக்கலால் ஸ்னோ வந்து மடியில் விழும். பரவாயில்லை. நானும் பழகிக்கொண்டு வருகிறேன். இரண்டு காலுறைக்கு நடுவில் ஒரு பொலித்தீன் பை போட்டால் கால் நனையாது. ஐஸில் தாரா வாத்து மாதிரிக் காலை அகட்டி நடந்தால் விழமாட்டோம். பராசக்தி அக்கா, "வெளிக்கிடேக்க தோட்டைக் கழட்டி வையும் பிள்ளை, இந்தக் குளிருக்குப் பொன் காதைச் சுட்டுப்போடும்" என்றா. அதனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோடு போடுகிறேன்.

ஏஜென்சிக்காரன் கனடாவுக்கு ஒரு ஆளைத்தான் ஏற்றலாம் என்றபோது, "நீர் போம், நான் சமாளிப்பன்" என்று என்னை அனுப்பியது நீங்கள். அந்த அத்தானை நினைத்துக்கொண்டுதான் இந்தக் குளிரில் வேலைக்குப் போகிறேன்.

அன்பு
மலர்

*

வெள்ளவத்தை
22.1.1994

மலர்,

தோட்டைக் கழற்றினாயா? புருசன் நான் உயிரோடு இருக்கிறேன். மூளிக்காதோடு தாலியறுத்தவள் மாதிரித் திரிய உனக்கு யார் புத்தி சொன்னது? பராசக்தியா, அவளின் புருசனா? மொட்டைத்தலையனுக்குத்தான் மற்றவளின் கூந்தலில் கண் போகும். பெண்டாட்டி கூட வருகிறாவாம்! அவ பாவம், கதவில் கட்டின கயிற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா போல.

இனி அந்த வானில் ஏறாதே. அந்த ஊரில் பஸ் இல்லையா? தோட்டையும் கழற்றாதே. கட்டளை என்று எடுத்தாலும் சரி, கெஞ்சுகிறேன் என்று எடுத்தாலும் சரி.

எனக்கு இங்கே என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு பெட்டி. பொலிஸ் கதவைத் தட்டினால் காட்ட ஒரு அடையாள அட்டை. எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் நீ. நீ கண்காணாத இடத்தில் ஒருவனின் வானில் சிரித்துக்கொண்டு போகிறாய். பொறாமை என்று சொல்வாய். ஓம், பொறாமைதான். உன் மடியில் விழுகிற ஸ்னோவிலும் எனக்குப் பொறாமை.

குகதாஸ்

*

மொன்றியல்
20.3.1994

அத்தான்,

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். வானை விட்டேன், தோட்டைப் போட்டேன். இரண்டு பஸ் மாறி, இறங்கி அரை மணித்தியாலம் நடை. அங்கே ஒரு மரம்கூட இல்லை, காற்று நேரே வந்து அடிக்கும். பராசக்தி அக்கா ஏன் வருவதில்லை என்று கேட்டா. என்ன சொல்ல? வானில் ஏறினால் வாந்தி வருகிறது என்று பொய் சொன்னேன்.

போன மாதம் ஒருநாள் இரண்டாவது பஸ் வரவில்லை. தலையில் சுற்றியிருந்த கம்பளியைக் காற்று பறித்துக்கொண்டு போனது. காது முதலில் நெருப்பாக எரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. நோவு போய்விட்டதே என்று சந்தோசப்பட்டேன். அதுதான் கூடாதாம். பக்ரறியில் சறோ பார்த்துவிட்டு, "எடி மலர், உன்ர காது மெழுகு மாதிரி வெள்ளையாக் கிடக்கடி!" என்று குழறினாள்.

வலது காது தப்பியது. இடது காதின் சோணை கறுத்துப்போய் வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் காதில் தோடு போட இடமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கூட்டிவந்ததும் பத்மசீலன் அண்ணைதான். இதையும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நான் கள்ளியாகிவிடுவேன். இப்போது திரும்பவும் வானில்தான் போகிறேன், முன் சீற்றில்.

எனக்கு உங்களில் கோபம். இதுவரை யாரிலும் இப்படிக் கோபம் வந்ததில்லை.

ஸ்பொன்சர் பத்திரம் வந்துவிட்டது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. அதில் நான் மட்டும் இருக்க வேண்டும். வேறு ஒரு ஆம்பிளையும் அதற்குள் வரக்கூடாது. நோகுதா, சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கோ. அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கையெழுத்துப் போடுவேன். அப்படி ஒன்று உங்களால் எழுத முடியாவிட்டால், ஒரே வீட்டில் உங்களோடு ஒரு குளிர்காலத்தை என்னாலும் தாங்க முடியாது.

தவமலர்

*

வெள்ளவத்தை
6.4.1994

என் அன்பு மலருக்கு,

கடிதத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். நல்ல வேளை, அங்கே ஒருத்தரும் இல்லை. வாய்விட்டு அழுதேன்.

இன்னும் நோகுதா? எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறீர்? முழுக முடிகிறதா? சறோ ஏதும் சமைத்துத் தருகிறாவா, வெறும் கடைப்பாணும் தண்ணீருமா? இப்படித்தான் நான் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். உம்முடைய காதைத் தின்றது குளிர் இல்லை, நான்தான். உம்மை அனுப்பிவிட்டு, அனுப்பிய நாளிலிருந்து உம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வானிலேயே போம். சூடு எங்கே இருக்கிறதோ அங்கே இரும். தோடு இல்லாமலும் நீர் வடிவுதான். நான் வந்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் உம்முடைய தலையைத் துவட்டிக் காயவைக்கிற வேலை என்னுடையது.

நீர் கேட்டபடி இந்தக் கடிதத்தில் வேறு ஒரு ஆம்பிளையும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன்.

என்றும் உம்முடைய
குகதாஸ்

பி.கு.: ஒட்டின உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். காதை வெட்டின டொக்டர் ஆம்பிளையா, பொம்பிளையா?