வசந்தி எழுதிய கடைசி வரி

வியாழக்கிழமை, இரவு.

ஓர்ஸ் ஹில்லில் நான் நடத்தும் கதைப் பட்டறையில் இன்று சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து வரும் வசந்தி தன் கதையை வாசித்தாள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி தினமும் அவனுக்கும் சேர்த்துச் சோறு சமைக்கிறாள். அவ்வளவுதான்.

"பாத்திரம் இருக்கு, சிக்கல் இருக்கு. முடிவைக் காணேல்லையே," என்றேன்.

"அவர் இன்னும் வரேல்லை, சேர்."

அது அவளுடைய சொந்தக் கதை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால் பொய்.

"வராத ஆளை வச்சுக் கதையை முடிக்க ஏலாது. சாகடியுங்கோ."

ஒரு வரி எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று, நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"இப்பதான் இது கதை," என்றேன்.