தம்பிக்காகக் கேட்ட ஓட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. குழந்தைக்குச் சளி விட்டதா? மருந்து கொடுத்ததும் உடனே படுக்கப் போடாதே, கொஞ்ச நேரம் தோளில் வைத்துக்கொள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது வீட்டுத் தூசியெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், என் உயிரை வாங்குகிறார்.

உன் மாமா விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். தேர்தலில் நம் கட்சிச் சின்னத்தில் அவன் ஜெயித்தான், ஆனால் ஆட்சி அமைக்கிற அளவுக்கு எந்தக் கட்சிக்கும் இடம் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சிக்கு ஒன்றிரண்டு பேர்தான் குறை. இவன் திடீரென்று போனை எடுக்கவில்லை, காய்ச்சலோ என்னவோ என்று நான் மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. மறுநாள் டிவியில் பார்க்கிறேன், அந்தக் கட்சித் தலைவர் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கட்சி மாறினால் பதவி போய்விடும் என்று சட்டம் இருக்கிறதே, அதனால் இவனும் இன்னும் சிலரும் தாங்களாகவே ராஜினாமா செய்துவிட்டார்கள். சபையில் தலை குறைந்ததும் மிச்சம் இருப்பவர்களில் அவர்களுக்குப் பெரும்பான்மை வந்துவிட்டது. இப்போது அதே தொகுதியில் அவர்கள் சின்னத்தில் இடைத்தேர்தலுக்கு நிற்கிறான், ஜெயித்தால் மந்திரியாம்.

போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஏன் மாறினீர்கள் என்று டிவிக்காரர் கேட்டதற்கு, ஜனங்க கட்சிக்கா ஓட்டுப் போட்டாங்க, எனக்குத்தானே போட்டாங்க, எங்க அக்காவே வீடு வீடாப் போய் கட்சியைப் பார்க்காதீங்க, என் தம்பியைப் பாருங்கன்னுதானே கேட்டாங்க என்றான். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சி, நம் கட்சிப் பெயரைச் சொன்னால் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பாசத்தில் சொன்ன வார்த்தையை எனக்கு எதிராகவே சாட்சிக்கு இழுத்துவிட்டானே. எதிர்வீட்டுச் சோடாபுட்டியம்மா எனக்காகத்தான் ஆயுசிலேயே முதல் தடவையாகச் சின்னம் மாற்றிப் போட்டாள். அவள் வந்து, ஏம்மா, நான் நேரா எங்க கட்சிக்கே போட்டிருப்பேனே, இதுக்கு உன் தம்பியைச் சுத்திட்டுப் போகணுமா என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நேற்று அவனே வந்தான். ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை. அக்கா, இந்த ஒரு தடவை கூட வா, நீ கேட்டா எந்தச் சின்னம்னாலும் போடுவாங்க என்கிறான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன், அவனாகவே எழுந்து போனான். கடையைப் பூட்டிவிட்டு நேராக நம் கட்சி ஆபீசுக்குப் போனேன். அங்கேயும், உன் தம்பிக்கு வேவு பார்க்க வந்தியாம்மா என்று கேட்டுவிட்டார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் நம் தெருப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் என்னைக் கட்சி ஏஜெண்டாக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுப் போட வருகிறவர் உண்மையில் அந்த ஆள்தானா என்று பார்ப்பதுதான் வேலை. உன் மாமாவுக்கும் அங்கேதான் ஓட்டு. அதிகாரி அவன் பெயரைச் சத்தமாகப் படிப்பார், இடுப்பில் தூக்கி வளர்த்த நான்தான் எதிரே உட்கார்ந்து, தெரிந்த ஆள்தான் என்று தலையாட்ட வேண்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் உண்மையாக நூறு வருஷம் வாழவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். மாமா உனக்குப் போன் செய்வான், எடுத்துப் பேசு, மரியாதை குறையாமல் நலம் விசாரி. அம்மாவுக்குக் கோபமில்லை, சீக்கிரம் சரியாகிவிடுவாள் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா