குதிரையின் சுடும் காலும் நாற்பது பேருக்கான புளியோதரையும்

அக்டோபர் 12, 1997. ஞாயிறு.

இன்னும் கோபம் ஆறவில்லை. சீமைக்குப் பிழைக்க வந்த இடத்தில் என் மகன் முரளி, ஆபீஸ் சினேகிதனோடு பங்கு போட்டு, வேலி தாண்டி ஓடும் பந்தயக் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறான். வரும் சனிக்கிழமைப் பந்தயத்துக்கு நாற்பது பேரை அழைத்துவிட்டான். புளியோதரை என் பொறுப்பு. கோயிலில் குதிரை பேருக்கு அர்ச்சனைகூடச் செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், என்னுடையதையே சொல்லிவைத்தேன்.

இன்று லாயத்துக்குப் போனோம். குதிரையைப் பழக்கும் வெள்ளைக்காரப் பெரியவர், மழையில்லாமல் தரை கல்லாகக் கிடக்கிறது, ஓடினால் கால் போய்விடும், இந்த வருஷம் ஓட்டமே வேண்டாம், அடுத்த வசந்தத்தில் இரண்டு ஓட்டம் போதும் என்றாராம்; முரளிதான் தமிழில் சொன்னான்.

"பயந்தாங்கொள்ளிம்மா இந்தாளு. வேற ட்ரெய்னர்கிட்ட மாத்தி ஓட்டிடுறேன்" என்றான் முரளி. நானும் தலையாட்டினேன்.

பெரியவர் என் கையை எடுத்துக் குதிரையின் முன்னங்கால்களில் வைத்துக் காட்டினார். ஒன்று சில்லென்றிருந்தது. மற்றது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டது.

காரில் சொன்னேன். "காலு சுடுதுடா. அவர் சொல்றதைக் கேளு."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு ரேஸ் பத்திப் பேசாதேம்மா. கூப்பிட்டவங்க முன்னாடி என் மானம் போயிடும்."

இதே கைதான் இவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அப்போது எத்தனாவது படித்தேன் என்று கேட்டானா?

சனிக்கிழமை அந்தக் குதிரை ஓடினால் நான் புளி கரைக்க மாட்டேன். நாற்பது பேரும் வெறும் தட்டோடு நிற்கட்டும். மானம் எப்படிப் போகும் என்று அப்போது தெரியும்.