வீட்டு ஞாபகம் என்று சொன்னேன்

இன்று காலை கராமாவில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பினாயில் வாசனை, அதற்கு மேல் யாரோ பூசி வந்த அத்தர். அது மூக்கில் ஏறியதுமே உன் முகம் வந்துவிட்டது. எங்கள் ரூமில் இருக்கும் திருவாரூர்க்காரருக்கு மூலம். இந்தி வராது என்று என்னைக் கூட்டிப் போயிருந்தார். உள்ளே அவர் தமிழில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் டாக்டரிடம் இந்தியில் சொன்னேன். பக்கத்தில் நர்ஸ் நின்றிருந்தாள். "கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லக் கூடாதாய்யா, மானம் போச்சு" என்றவர், திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பூசி மெழுகுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும்.

ஜெபல் அலியில், கம்பெனி ஆட்களைத் தங்க வைக்கும் கேம்ப்பில் ஒரே ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். பன்னிரண்டு வருடம் இந்த அரபு நாட்டிலேயே கிடந்து இந்தி பழகியவன் நான். பல் வலி முதல் பாஸ்போர்ட் வரை எல்லோருக்கும் நான்தான் வாய். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். நீ குடோனில் பெட்டி அடுக்கும் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தி உன் காதுக்குப் புரியும், வாயில் வராது. உன் நடையைப் பார்த்து ரூமில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் துணி காயப் போடும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாய். "அண்ணே, மனசு விஷயமெல்லாம் கேக்குற டாக்டர் ஒருத்தர் இருக்காராம். கூட வர்றீங்களாண்ணே?" என்றாய். தூக்கம் வராமல் புரள்கிறாயே, அதற்காகத்தான் என்று நினைத்து வந்தேன்.

அங்கேயும் இதே பினாயில், அத்தர் வாசனைதான். டாக்டர் இந்திக்காரர், பொறுமையான மனிதர். என்ன பிரச்சினை என்று கேட்டார். நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய். "வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து உள்ளுக்குள்ள நான் பொம்பளைன்னுதாண்ணே தோணுது. கண்ணாடியப் பாத்தா வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. இது என்னன்னு எனக்கே தெரியல. மருந்து வேணாம், இதப் பத்தி யார்கிட்டயாவது பேசணும். அப்படியே சொல்லுங்கண்ணே."

டாக்டர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டு ஞாபகம், சாப். தூக்கம் வருவதில்லை" என்றேன்.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சிரித்தார். தூக்க மாத்திரை எழுதினார். ஒரு மாதம் ஊருக்கு அனுப்பினால் நல்லது என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் தந்தார். அவர் மேல் குற்றமில்லை. கேட்டதற்கு வைத்தியம் செய்தார்.

பஸ்ஸில் நீ கேட்டாய். "ஏண்ணே மாத்திச் சொன்னீங்க?"

"ஒன் நல்லதுக்குத்தான்டா தம்பி. வெளிய தெரிஞ்சா விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றேன். ஜன்னல் வழியே கன்டெய்னர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாய். உனக்காகப் பயந்தேன் என்றுதான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். டாக்டர் என்னையும் சேர்த்து ஒரு மாதிரி பார்ப்பாரே என்ற வெட்கம்தான். அதற்கு உன் வாழ்க்கையைக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தால் கம்பெனி லீவு கொடுத்தது. லீவு கிடைத்ததால் வீட்டில் பெண் பார்த்தார்கள். பத்திரிகை அடித்த பிறகு நீ வீட்டை விட்டுப் போய்விட்டாய். உன் அப்பா போனில் அழுதார். "ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானாய்யா?" என்றார். நீ ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவரிடமும் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து மதுரையிலிருந்து கூப்பிட்டாய். குரலில் ஒரு தெளிவு. கவுன்சலிங் செய்யும் ஓர் அம்மாவிடம் வாரம் ஒரு முறை போவதாகச் சொன்னாய். முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்வி: "உன்னை நான் எப்படிக் கூப்பிடணும்?" நீ ஒரு பெயர் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அழுதாயாம், அவர் நிறுத்தச் சொல்லவில்லையாம். அந்தப் பெயரை இங்கே எழுதும் யோக்கியதை எனக்கில்லை.

"நீ இதுதான்னும் சொல்லல, இது இல்லன்னும் சொல்லல அண்ணே. இன்னைக்கே முடிவு பண்ண வேணாம், தேடு, நான் கூட இருக்கேன்னாங்க." எது உன் ஆசை, எது ஊருக்குப் பயந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கண்ட இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ள அவசரப்படாதே என்றார். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று உன்னோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தார். அடுத்த மாதம் உன் அம்மாவே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவர் ஒழுங்காகக் காது கொடுத்ததற்கே இவ்வளவு நடந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இல்லை, எரிந்தது. அன்று டாக்டரின் காதுக்குக் குறுக்கே உட்கார்ந்தவன் நான்.

கடைசியாக நீ போனில் பேசியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எல்லோரும் ரூமில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏதேதோ பேசிவிட்டு நீ கேட்டாய். "ஒரே ஒரு தடவ தங்கச்சின்னு கூப்பிடுங்கண்ணே."

உன் கட்டிலுக்கு வந்த புதியவனையும் சேர்த்து ஏழு பேர். ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆளுக இருக்காங்க, அப்புறம் பேசுறேன்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "பரவால்லண்ணே. அவசரமில்ல. ஒங்களுக்கு எப்ப வருதோ அப்பக் கூப்பிடுங்க." அந்தக் கவுன்சலிங் அம்மா உனக்குத் தந்த பொறுமையை அப்படியே எடுத்து எனக்குத் தந்தாய். நான் அதைத் தவணை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாய். உன் அம்மாதான் சொன்னார்.

இந்தத் தாளில் அந்தச் சொல்லை நூறு முறை எழுதலாம். யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அன்று அந்த ஏழு பேர் காதிலும் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க நீ இல்லை.