பான் நூ பூசும் தனகா

பக்கோக்கு,
மழை விட்ட மறுவாரம்.

பினாங்கில் இருக்கும் என் அன்புத் தங்கை மியா சேனுக்கு அக்கா கின் லே ஆசி கூறி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மகள் பான் நூவைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். போனில் சொல்லலாமே என்பாய். போன் எப்போதும் அவள் கையில். நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் உங்கள் ஊருக்கு வேலைக்குத் திரும்பும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு நீ வேலை செய்யும் அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் "இந்தப் பொண்ணு மூஞ்சில என்னதான் பூசுறா?" என்று உன்னைத் துளைக்கிறார்களாமே. குறிப்பு கேட்டிருந்தாய், எழுதுகிறேன். சோப்பை முகத்துக்குக் காட்டவே கூடாது, அரிசி கழுவிய தண்ணீர் போதும். பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் போவதற்குள் தனகா பூசிவிட வேண்டும். தனகாக் கட்டையைப் பட்டையோடு, சந்தனம் மாதிரி கல்லில் இழைக்கும்போது தண்ணீர் கொஞ்சமாக விட வேண்டும், மோர் மாதிரி ஓடக் கூடாது. பூசியது காயும்வரை சிரிக்கக் கூடாது, வெடித்துவிடும். தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்கக் கூடாது. வெள்ளரிக்காயைத் தின்னவும் வேண்டும், கண்மேல் வைக்கவும் வேண்டும். எல்லாம் நம் கடைக்குட்டி சான் மே வாய் ஓயாமல் சொன்னதுதான். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை, அதனால்தான் என் முகம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. "அக்கா, உன் கன்னத்துல தேங்காயே துருவலாம்" என்று சிரிப்பாளே. பாவி, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், நான் இருக்கிறேன்.

ஆனால் பான் நூ முகம் மின்னுவது இதனால் இல்லை, மியா சேன்.

சான் மே காய்ச்சலில் போனபோது உன்னால் வர முடியவில்லை. நீ பினாங்குக்குப் போனதிலிருந்து பிள்ளையை வளர்த்தவள் அவள்தானே. அதனால் இடுகாட்டில் கிளை ஒடிக்கும் வேலையைப் பான் நூவிடமே விட்டோம். அழுத கண்ணோடு, பக்கத்தில் நின்ற மரத்தில் ஒடித்து, "வா சித்தி, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டுக் கொண்டுவந்தாள். உனக்குத் தெரியாததா? செத்தவள் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் வீட்டில் இருப்பாள். ஏழாம் நாள் பிக்குகள் வந்து ஓதியதும் கிளையை வெளியே போட்டுவிட்டால் தன் வழியே போய்விடுவாள்.

ஏழாம் நாள் பார்த்தால், சான் மேயின் படுக்கையில் வைத்த கிளையைக் காணோம். பிக்குகள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் மானம் போகிறதே என்று வேலியில் ஒரு குச்சியை ஒடித்து வைத்தேன், ஓதி முடித்ததும் அதையே தூக்கிப் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிளை எங்கே போனது என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளை ஒடித்தது தனகா மரத்தில், மியா சேன்! சமையலுக்கு உதவ வந்தவர்களில் யாரோ வீட்டைப் பெருக்கும்போது, பூசுகிற கட்டைதான் கீழே கிடக்கிறது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கூடையில் போட்டிருக்கிறாள். பான் நூ தினமும் குளித்துவிட்டு அதைத்தான் இழைத்து இழைத்துப் பூசியிருக்கிறாள்.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பருவெல்லாம் அமுங்கிக் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. சந்தைக்குக் கூட்டிப்போனால் கண் பட்டுவிடுமோ என்று பயந்தேன். பிறகு, சான் மே மாதிரியே இடது கன்னத்தில் தொடங்கிப் பூசினாள். கண்ணாடியைப் பார்த்து அவளைப் போலவே உதட்டைச் சுழித்தாள். சித்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சோறு போடும்போது, "அம்மாவோட சிவப்பு லுங்கியக் கிழிச்சது நீ, அடி வாங்கினது நானு. மறந்துட்டியா?" என்றாள். என் கையிலிருந்து அகப்பை விழுந்துவிட்டது. நம் அம்மாவின் அந்த லுங்கி கிழிந்தபோது உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது எனக்கும் சான் மேக்கும் தவிர, உனக்குக்கூடத் தெரியாது.

போன வாரம் தலை வாரிவிடும்போது இன்னொன்றைப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு, சான் மேக்கு இருந்த அதே இடத்தில். பான் நூவுக்கு அம்மை போட்டதே இல்லை.

போனில் உன்னை "அக்கா" என்று கூப்பிட்டாளாம், குட்டிக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று சிரித்து எழுதியிருந்தாய். சிரிக்காதே. என்னையும் அவள் பெரியம்மா என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகிறது.

மிச்சக் கட்டையை ஆற்றில் போடத்தான் எடுத்தேன். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்க்கா? குளிச்சு, பூசிக்கிட்டு, ஒரு ஓரமா இருக்கேன். என்னைத் தண்ணில போடப் போறியா?" என்றாள். குரல் சான் மேயின் குரலேதான். ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்துட்டியாடி என்று கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷமாக இருந்தது, மியா சேன். உன் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மனசு உறுத்தி மடத்துப் பெரிய பிக்குவிடம் போய்ச் சொன்னேன். "இனி கட்டைய எறிஞ்சா ஆகாதும்மா, அது தோலுக்குள்ள போயிடுச்சு. பெத்தவ வந்து தன் கையால முகத்தைக் கழுவிப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அவ அம்மான்னு திரும்பணும்" என்றார். கட்டை தீர்ந்துவிட்டால் என்று இழுத்தேன். "அப்புறம் கூப்பிட்டா திரும்பிப் பாக்க அங்க பிள்ளை இருக்காது" என்றார்.

வேலை போனால் போகட்டும், வா. அதுவரை போனில் அவள் "அக்கா" என்று கூப்பிட்டால் ஏன் என்று குரல் கொடுக்காதே. எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் கொடுக்காதே. "பான் நூ, அம்மா பேசுறேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல். நான் சொன்னால் பலிக்கவில்லை. பான் நூ என்று கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறாய் என்பதுபோல் என்னைப் பார்க்கிறாள்.

நான் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் நம்பி இருந்துவிடாதே. கை வலிக்கிறது என்கிறாள். இப்போதெல்லாம் நான்தான் இழைத்துக் கொடுக்கிறேன். கொஞ்சமாகத்தான் இழைக்கிறேன், ஆனாலும் இழைக்கிறேன். கட்டை சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

நீ வந்து அவள் முகத்தைக் கழுவும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், சந்தைக்குப் போய்விடுகிறேன். அந்த நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டால், உன் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன்.

புத்தர் உன்னை வழியில் காக்கட்டும். உன் மகள் உன்னை அம்மா என்று கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அக்கா,
கின் லே